எட்டுக் கோர் பிறந்த கதை

2004 ஒக்டோபரில், அமெரிக்காவில் நடந்த ஒரு தொழில்நுட்ப மாநாட்டு மேடையில், இன்டெல் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி கிரேக் பாரெட் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். பாதி விளையாட்டுத்தான். காரணம் மட்டும் விளையாட்டல்ல: 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் வரும் என்று சொல்லிவைத்துவிட்டுக் கைவிட்டிருந்தார்கள். வேகத்தை ஏற்ற ஏற்ற சில்லு தாங்க முடியாமல் சூடேறியது. அதுவரை பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்ற எண் கிகாஹெர்ட்ஸ். அது நின்றுபோனதும் வேறோர் எண் தேவைப்பட்டது.

கட்டளைகளை வாசித்துக் கணக்குப் போடும் பகுதிதான் கோர். ஒரே சில்லில் இரண்டு கோர்களை ஐபிஎம் 2001இலேயே பவர்4இல் வைத்துவிட்டது. அது பெரிய சேர்வர்களுக்கானது. வீட்டுக் கணினிக்காரர் கண்ணில் படவில்லை. 2005இல் பென்டியம் டி, அத்லன் 64 எக்ஸ்2 இரண்டும் வந்தபிறகே ‘டுவல் கோர்’ விளம்பரச் சொல்லானது. பிறகு நான்கு, ஆறு.

2011இல் இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி, எஃப்எக்ஸ்-8150 சில்லை எட்டுக் கோர் என்று விற்றது. உள்ளே இருந்தவை நான்கு தொகுதிகள். ஒவ்வொன்றிலும் முழு எண் கணக்குக்கு இரண்டு தனிப் பகுதிகள். தசமக் கணக்குப் பகுதியும் கட்டளையைப் பிரித்துக் கொடுக்கும் பகுதியும் இரண்டுக்கும் பொது. சமையலுக்கு இரண்டு பேர், அம்மி ஒன்று. இது எட்டா, நாலா என்று 2015இல் கலிபோர்னியாவில் வழக்கு விழுந்தது.

ஏஎம்டி பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. சன் நிறுவனம் 2005இல் விற்ற நயாகரா சில்லில் எட்டுக் கோருக்கும் சேர்த்தே ஒரு தசமப் பகுதிதான். அதையும் எட்டு என்றே எண்ணினார்கள். இன்டெல்லின் 386இல் அந்தப் பகுதியே கிடையாது, வேண்டுமென்றால் தனிச் சில்லாக வாங்கவேண்டும். அந்த வழக்கு 2019இல் 1 கோடியே 21 இலட்சம் டொலருக்குச் சமரசம் ஆனது. ஏஎம்டி தவறை ஒப்புக்கொள்ளவில்லை. கோர் என்றால் என்ன என்று நீதிமன்றம் வரையறுக்கவேண்டிய நிலையும் வரவில்லை. எனக்கு அதில்தான் ஏமாற்றம்.

இதற்கிடையில் எட்டு போனுக்குள் புகுந்திருந்தது. 2013 ஜனவரியில் சாம்சங் அறிவித்த ‘எக்ஸினோஸ் 5 ஒக்டா’வில் பெரிய கோர் நான்கு, சிறியது நான்கு, ஆரம்பத்தில் ஒரு நேரத்தில் நான்குதான் ஓடும். அதே ஆண்டு, போன் சில்லு செய்யும் குவால்கொம் நிறுவனத்தின் அதிகாரி ஆனந்த் சந்திரசேகர் எட்டுக் கோர் முட்டாள்தனம் என்றார். 2014 பெப்ரவரியில் குவால்கொம்மே எட்டுக் கோர் சில்லை அறிவித்தது. சந்தை கேட்டால் கொள்கை என்ன செய்யும்!

இன்று மாத்தளை திருகோணமலை வீதியில் போன் வாங்கப் போனாலும் ‘ஒக்டா கோர்’ என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. யூனிசொக் எஸ்சி9863ஏ சில்லில் எட்டும் சிறிய ஏ55 கோர்கள். ஹீலியோ ஜி99இல் ஏ55 ஆறு, அவற்றைவிட வலுவான ஏ76 இரண்டு. இரண்டுக்கும் பெயர் ஒக்டா கோர்தான். கடைத் தம்பியிடம் எத்தனை கோர் என்று கேட்காதீர்கள். சில்லின் பெயரைக் கேளுங்கள்.