பஞ்சம் யார் செய்த பாவம்? மதுரைச் சமவெளியில் தெய்வத் தண்டனைக் கருத்தின் வரலாறு

மழை பொய்த்தாலும் ஆறு கரையை உடைத்தாலும் அதைத் தெய்வத்தின் தீர்ப்பாகக் காணும் வழக்கம் விவிலியத்தோடு மதுரைக்கு வந்ததன்று. கிறித்தவம் வைகைக் கரையை அடைவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது இங்கே வேரூன்றியிருந்தது. 17ஆம் நூற்றாண்டு முதல் எபிரேயத் தீர்க்கதரிசிகளின் குரலும் அதனுடன் வந்து சேர்ந்தது. பேரிடர் வந்த ஒவ்வொரு முறையும் குற்றவாளிக் கூண்டில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதைத் தொடர்ந்து பார்த்தால், இந்தக் கருத்து எங்கே நீதியின் குரலாக இருந்தது, எங்கே தடம் புரண்டது என்பது புலப்படும்.

சிலப்பதிகாரத்தில் மதுரை எரிவதற்குக் காரணம், அரசன் ஆராயாமல் வழங்கிய தீர்ப்பு. பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீயவரை மட்டும் பற்றும்படி கண்ணகி தீக்கடவுளைப் பணிக்கிறாள். தண்டனைக்கு ஓர் அளவு இருந்தது. ஆனால் நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை அதற்குப் பின் நடந்ததைச் சொல்கிறது. பாண்டிநாடு மழையின்றி வறண்டது, வெப்புநோய் பரவியது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலியிட்டுப் பத்தினிக்கு விழா எடுத்தான், அதன்பிறகே மழை பெய்தது. கோவலன் மேல் பொய்ப்பழி சுமத்தியவன் ஒரே ஒரு பொற்கொல்லன். உயிரைக் கொடுத்தவர்களோ அவன் செய்த தொழிலைச் செய்த ஆயிரம் பேர். அரசனைக் கூண்டில் ஏற்றிய அதே காப்பியத்தின் வாசலில், ஒரு தொழிலாளர் கூட்டத்தின் தலையில் நாட்டின் வறட்சி முழுவதும் சுமத்தப்பட்டிருக்கிறது. வரலாறு நெடுகிலும் மாறிமாறி வரும் இரண்டு போக்குகளும் இங்கேயே தொடங்கிவிடுகின்றன.

திருவிளையாடற் புராணத்தின் வைகை வெள்ளமும் அரசன் மேல் வந்த தீர்ப்புத்தான். குதிரை வாங்கக் கொடுத்த பொருளுக்காக அரிமர்த்தன பாண்டியன் மாணிக்கவாசகரை வதைக்கிறான், வைகை பெருகுகிறது. கரையை அடைக்க வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். ஆளில்லாத பிட்டு வியாபாரியான வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுகிறது. தவறு செய்தவன் அரசன். மண் சுமக்க வேண்டியவள் அவள். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று இறைவனே கூடை தூக்குகிறான். பிரம்படி அவன் முதுகில் விழுந்தபோது அரசன் உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது. ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் ஆரப்பாளையத்தை அடுத்த புட்டுத்தோப்பில் இந்நிகழ்ச்சி நடத்தப்படுகிறது. வெள்ளத்தின் சுமை யார் தோளில் இறங்குகிறது என்பதை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன கதை வேறு மரபுகளிலும் அரிது என்றே நான் கருதுகிறேன்.

இனி எபிரேய மரபுக்கு வருவோம். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தெக்கோவாவிலிருந்து வந்த ஆமோஸ், ஒரு பட்டணத்தில் மழை பெய்து மறு பட்டணம் காய்ந்ததையும், பயிர் கருகியதையும், பூச்சி அரித்ததையும் அடுக்கி, இத்தனைக்குப் பிறகும் நீங்கள் திரும்பவில்லையே என்று கேட்கிறார். அவர் பணியாற்றியது ஒரு பெரிய நிலநடுக்கத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு என அவர் நூலின் முதல் வசனமே குறிக்கிறது. ஆத்சோர் என்ற பழைய நகரின் அகழாய்வில் அக்காலத்து இடிபாடுகள் கிடைத்துள்ளன. எலியா அறிவித்த வறட்சி ஆகாப் அரசனை நோக்கியது. ஆகாய் மட்டும் வேறு காரணம் சொல்கிறார்: ஆலயம் பாழாய்க் கிடக்க மக்கள் தம் வீடுகளை அழகுபடுத்தியதால் மழை நின்றது என்பது அவர் வாதம். இக்கருத்தை உள்ளிருந்தே மறுக்கும் குரல்களும் விவிலியத்தில் உண்டு. யோபுவின் துன்பத்துக்கு அவனுடைய பாவம் காரணமாகக் காட்டப்படவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்டு, அல்ல என்கிறார். எல்லாப் பேரிடரையும் ஒரே கணக்கில் எழுத விவிலியம் இடம் தருவதில்லை.

இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த இயேசு சபைத் துறவிகள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள், நாயக்கர் காலப் போர், வெள்ளம், பஞ்சம் ஆகியவற்றை அறிய முதன்மைச் சான்றுகள். சொக்கநாத நாயக்கர் காலத்துத் துயரங்களைச் சொல்லும்போது அவற்றினூடே இறைவனின் சாட்டை என்ற பார்வையும் ஓடுகிறது. அன்றைய ஐரோப்பாவே தன் கொள்ளைநோய்களை அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தது.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்தது. திண்டுக்கல், திருமங்கலம், பசுமலை என்று விரிந்தது. பவர் தலைமையிலான குழுவின் முழுத் தமிழ் வேதாகமம் 1871இல் வெளியானது. ஐந்தே ஆண்டுகளில், 1876இல், தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது.

அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். பருவமழை பொய்த்தது உண்மை. பசிபிக் கடலின் எல் நினோ அதற்கு ஒரு பெருங்காரணம் என்று இன்று அறிகிறோம். ஆனால் மழையின்மை மட்டுமே அத்தனை உயிரைக் கொண்டுபோகவில்லை. மதுரைக்கு அப்போதுதான் ரயில் வந்திருந்தது, தானியத்தைக் கொண்டுவர வழி இருந்தது. ஆனால் தானிய வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது வைசிராய் லிட்டனின் உறுதி. இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சிறிது காசும் என்று குறைத்தார். இதை உண்டு மண் வெட்டுபவன் பிழைக்க மாட்டான் என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார்.

மறைப்பணியாளர்கள் இக்காலத்தில் கஞ்சி ஊற்றினார்கள், அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். அந்தப் பணியைக் குறைத்துச் சொல்ல முடியாது. மதுரையிலும் திருநெல்வேலியிலும் பஞ்சத்துக்குப் பின் சபைகளில் சேர்ந்தோர் தொகை பெருகியது. ஆனால் விக்கிரக வணக்கத்துக்கு வந்த தண்டனையே பஞ்சம் என்ற விளக்கம் 19ஆம் நூற்றாண்டு மிஷன் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆமோஸ் புத்தகத்தின் 8ஆம் அதிகாரம் படிக்கலைத் திருத்தி, மரக்காலைக் குறைத்து, பதரைத் தானியமென விற்றவர்களை நோக்கியது. தாது வருஷத்தில் அதே தீர்க்கதரிசனம் தானியம் வாங்க வழியற்றவர்களை நோக்கித் திருப்பப்பட்டது. என் பார்வையில் இந்நெடுவரலாற்றின் பெரிய பிறழ்ச்சி இதுதான்.

ஊர் மக்களின் வழக்கம் இதைவிடக் கண்ணியமாக இருந்தது. மழை வேண்டிக் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். வைக்கோலால் உருவம் செய்து, கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்துச் செல்வார்கள். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். ஊரில் பாவம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளும் சடங்கு அது. ஆனால் பாவிக்குப் பெயர் கிடையாது. எந்தக் குடும்பத்தையும் எந்தச் சாதியையும் கைகாட்டாமல் அந்த வைக்கோல் உருவம் எல்லார் பழியையும் ஏற்று எரிந்தது.

இந்தப் பஞ்சத்தைப் பாடிய இலக்கியத்தில் வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ தனித்து நிற்பது. சிவகங்கைச் சீமை மக்கள் பசி தாளாமல் மதுரைச் சோமசுந்தரக் கடவுளிடம் போய் முறையிடுகிறார்கள். கடவுள் மழையையும் தருவதில்லை, அவர்களைப் பாவிகள் என்றும் சொல்வதில்லை. சிவகங்கை மன்னர் துரைசிங்கத்துக்கு ஒரு திருமுகம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்: இவர்களைக் காப்பாற்றும் பொறுப்பு உன்னுடையது. எள்ளல் நிறைந்த இந்நூலைத் தீர்க்கதரிசன இலக்கியத்தின் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தகும். தெய்வத்தின் வாக்கு இங்கே மறுபடியும் ஆள்பவனின் வாசலுக்கே போகிறது.

1880இல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷனும் ஏறத்தாழ அதே இடத்துக்கு வேறு வழியில் வந்தது. நிலமற்ற கூலிகள் வேலையிழந்து, தானியம் வாங்கக் காசில்லாமல் மாண்டனர் என்று அது கண்டது. 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவானது. மேற்கே ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து வைகைப் பள்ளத்தாக்குக்குத் திருப்பும் பழைய யோசனைக்கும் பஞ்சம் வேகம் கொடுத்தது. பென்னிகுக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. மேலூர்ப் பக்கத்து வயல்கள் இன்றும் அந்நீரில் விளைகின்றன.

இறையியலில் திருப்பம் வர இன்னும் நாளாயிற்று. 1969இல் மதுரை அரசரடியில் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று வேதத்தை வாசிக்கும் முறை வளர்ந்தது. அங்கே கற்பித்த தியோஃபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்துண்பதைத் தம் இறையியலின் நடுவில் வைத்தார். தாது வருஷத்தில் தன் செல்வத்தையெல்லாம் விற்று மதுரைத் தெருவில் கஞ்சி ஊற்றியதாக மக்கள் இன்றும் சொல்லும் தாசி குஞ்சரத்தம்மாளும் அந்த உலையைச் சேர்ந்தவரே.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது வேளாங்கண்ணிக் கடற்கரையில் மாண்டவர்களில் திருத்தலத்துக்கு வந்த பக்தர்களும் இருந்தார்கள். அப்போதும் சில மேடைகளில் பாவக் கணக்கு வாசிக்கப்பட்டது. வறட்சிக்காகவும் வெள்ளத்துக்காகவும் ஜெபக்கூட்டம் நடத்தும் போதகர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆமோஸ் 4ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது அதன் முதல் வசனத்தை விட்டுவிடாதீர்கள். தரித்திரரை ஒடுக்கி எளியோரை நொறுக்கியவர்களை முதலில் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் அந்தத் தீர்க்கதரிசி மழையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்.