ஒரு லயன், ஏழு ரவுட்டர்: வைஃபை ஏன் அறுந்து வருகிறது?

வன்னியில் வோக்கி டோக்கி கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புதிய பாடமல்ல. ஒரே அலைவரிசையில் இருவர் ஒன்றாகப் பொத்தானை அமத்தினால் இருவர் பேச்சும் விளங்காது. அதனால்தான் 'ஓவர்' சொல்லும்வரை மற்றவர் பொறுத்திருப்பார்.

கடந்த மாதம் ஹற்றன் பக்கத் தோட்டமொன்றில் சித்தப்பா வீட்டில் தங்கினேன். 1977 கலவரத்தோடு வன்னிக்கு வந்த எங்கள் குடும்பத்தில் திரும்பிப் போனவர் அவர் மட்டும்தான். அவருடைய பேத்தி இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள். இரவு ஏழு மணி ஸூம் வகுப்பு அவளுக்கு அறுந்து அறுந்துதான் வரும். டவர் சரியில்லை என்றார்கள். கைபேசியில் வைஃபை அனலைசர் செயலியைப் போட்டுப் பார்த்தேன். லயனில் ஏழு காம்பராக்களில் ரவுட்டர். நான்கு 6ஆம் சனலில், இரண்டு 4இல், ஒன்று 8இல்.

2.4 கிகாஹேர்ட்ஸில் சனல்களுக்கு இடையே 5 மெகாஹேர்ட்ஸ்தான். ஒரு ரவுட்டரோ ஏறக்குறைய 20 மெகாஹேர்ட்ஸைப் பிடிக்கும். ஆகவே 1, 6, 11 மட்டுமே ஒன்றோடொன்று முட்டாதவை. ஒரே சனலில் இருப்பவை ஒன்றையொன்று கேட்டு முறை வைத்துப் பேசும். 4இல் இருப்பதன் பேச்சு 6இல் இருப்பதற்கு வெறும் இரைச்சல்.

இந்த முறை வைப்பின் வேர் ஹவாயில் இருக்கிறது. 1971இல் நோர்மன் ஏப்ரம்சன் குழுவினர் தீவுகளைக் கணினியோடு வானொலியால் இணைத்தார்கள். நினைத்த நேரம் அனுப்பு. பதில் வராவிட்டால் எழுந்தமானமாகச் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பு. இதில் அலைவரிசையின் உச்சப் பயன் 18 சதவீதம்தான். நேரத்தைத் துண்டுகளாக்கி, துண்டின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பினால் 37. வைஃபை அனுப்புமுன் கேட்கிறது. அமைதியானாலும் உடனே பாயாது. எழுந்தமானமாக ஓர் எண்ணை எடுத்துக் கீழ்நோக்கி எண்ணும். மோதினால் அந்த எண்ணின் எல்லை இரட்டிப்பாகும்.

மலையில் இன்னொரு சிக்கல். மேட்டின் இரு பக்கத்து வீடுகள் ஒன்றையொன்று கேட்காது. உச்சியிலுள்ள வாசிகசாலை ரவுட்டருக்கு இரண்டும் கேட்கும். அமைதி என்று நம்பி இரண்டும் ஒன்றாக அனுப்பும். இதற்காகவே முதலில் 'அனுப்பலாமா' என்ற சிறு கேள்வி உண்டு. ரவுட்டரின் 'அனுப்பு' என்ற பதில் இரு பக்கமும் கேட்பதால் மற்றது வாய்மூடும். வோக்கியில் கட்டுப்பாட்டு நிலையம் செய்த வேலைதான் இது.

ஏழு காம்பராவும் ஏறி இறங்கி, அடுத்தடுத்த வீடுகளுக்கு 1, 6, 11 என்று மாற்றினேன். ஒரு வீட்டில் கடவுச்சொல் எவருக்கும் தெரியாது, ரீசெட் செய்தோம். டவர் பழுதென்றால் இது உதவாது. கேபிள் போட்டும் வேகம் வராவிட்டால் குறை வெளியில்தான். அன்றிரவு வகுப்பு ஒரே தடவைதான் நின்றது, அதுவும் கரண்ட் போனதால்.