கந்தக பூமியில் கோய் கெண்டை

1923-ம் வருஷம் எங்கள் பக்கத்துக்கு இரண்டு விதத்தில் முக்கியமானது. விருதுபட்டி என்ற ஊர் விருதுநகர் ஆனது அந்த வருஷம். கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொழிலைத் தொடங்கியதும் அதே வருஷம்தான். தீக்குச்சி, பட்டாசு, அச்சுக் காகிதம், மூன்றுக்கும் நல்ல காய்ச்சல் வேண்டும். மழை கம்மி, வெயில் ஜாஸ்தி, காற்றில் ஈரம் கிடையாது. விவசாயத்துக்கு ஆகாத இந்த வானம் தொழிலுக்கு ஆகிவந்தது. வெளியூர்க்காரர்கள் கந்தக பூமி என்று சொல்வார்கள். வருஷ மழை சுமாராக 800 மில்லிமீட்டர், அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும்.

இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்குப் பின்னால் வண்ண மீனுக்கென்று ஒரு குளம் கட்டுவது கொஞ்சம் திமிர் பிடித்த வேலையாகத்தான் தெரியும். என் அம்மா அதை நேராகவே கேட்டார். "குடிக்கிற தண்ணிக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் குடத்தோட வரிசையில நின்னிருக்கோம். நீ மீனுக்குக் குளம் கட்டுறியாக்கும்?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதில் தேடப் போய்ச் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கோய் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அரண்மனைத் தோட்டம், மரப்பாலம், பட்டுக் கிமோனோ என்றுதான் நம் மனசில் படம் ஓடும். உண்மையில் அது ஏழை விவசாயிகள் வளர்த்தெடுத்த மீன். ஜப்பானின் நீகாதா பகுதியில் யமகோஷி என்று ஒரு மலைக் கிராமம். குளிர்காலத்தில் ஆளுயரத்துக்கு மேல் பனி கொட்டும், மாசக்கணக்கில் வழி அடைபட்டுவிடும். அந்த நாட்களில் சாப்பாட்டுக்கு ஆகும் என்று, படிக்கட்டு வயல்களுக்குத் தண்ணீர் சேமிக்கிற குளங்களில் கெண்டை வளர்த்தார்கள். கறுப்பு மீன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பும் வெள்ளையும் தலைகாட்டின. எவரோ ஒரு விவசாயி அதைக் குழம்பில் போடாமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். அடுத்த தலைமுறைக் குஞ்சுகளில் நல்லதைப் பொறுக்கினார்கள், மறுபடி பொறுக்கினார்கள். கோய் என்றால் ஜப்பானிய மொழியில் வெறும் கெண்டைதான். வண்ண மீனின் முழுப்பெயர் நிஷிகிகோய். நிஷிகி என்பது சரிகை நெய்த பட்டு. 1914-ல் தோக்கியோவில் நடந்த கண்காட்சிக்கு இந்த மீன்களைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் மலைக்கு வெளியே உள்ள உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. சில மீன்கள் பட்டத்து இளவரசர் ஹிரோஹிதோவுக்குப் பரிசாகப் போயின. அரண்மனைக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

(ஹனாகோ என்ற கோய் 226 வருஷம் வாழ்ந்தது என்று இணையம் முழுக்கச் சுற்றுகிறதே, அதை நான் நம்பவில்லை. செதிலில் உள்ள வளையங்களை மர வளையம் மாதிரி எண்ணிப் போட்ட கணக்கு அது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருஷம் வாழும், அதுவே பெரிய விஷயம். இன்றைக்கு வாங்குகிற குஞ்சு என் பென்ஷன் காலத்தையும் தாண்டி இருக்கலாம்.)

2004 அக்டோபர் 23-ம் தேதி நீகாதாவில் பெரிய நிலநடுக்கம். யமகோஷியில் சாலைகள் சரிந்தன, குளங்கள் பிளந்தன, ஊரே காலி செய்யப்பட்டது. தப்பிய கோய் மீன்களை ஹெலிகாப்டரில் ஏற்றி இறக்கினார்கள். சாப்பாட்டுக்கு வளர்த்த மீன் இருநூறு வருஷத்தில் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

வயலும் மீனும் ஒன்றாக இருப்பது நமக்கும் புதுசில்லை. இதே மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், திருப்பாவையின் மூன்றாம் பாட்டில் ஓங்கி வளர்ந்த செந்நெல்லுக்கு நடுவே கயல் துள்ளுகிற காட்சியை வைக்கிறாள். மழை நன்றாகப் பெய்தால் ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு அவள் காட்டுகிற அடையாளங்களில் அந்த மீனும் ஒன்று. எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, அயிரை எல்லாம் உண்டு. ஆனால் தண்ணீர் வற்றும்போது எல்லாவற்றையும் பிடித்துவிடுவோம். அடுத்த மழைக்குத்தான் மறுபடி மீன். அதனால் ஒரு மீனை வருஷக்கணக்கில் அதே முகமாகப் பார்க்கிற வாய்ப்பு நம் சம்சாரிகளுக்குக் கிடைக்கவில்லை. யமகோஷிக்காரர்களுக்குக் கிடைத்தது. வண்ணம் அங்கே வந்து இங்கே வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

பிடிக்காமல் விட்ட மீன் நம்மிடம் கோயில் துறைகளில் இருந்தது. தாமிரபரணிக் கரையில் பாபநாசம் கோயில் படித்துறைக்குப் போனவர்களுக்குத் தெரியும், பொரி போட்டால் காலைச் சுற்றி மீன் மொய்க்கும். இதற்கு நேர் எதிராக ஒரு கதை மதுரையில் இருக்கிறது. திருவிளையாடற் புராணத்தில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம். வறட்சியில் இரை தேடிப் பறந்த நாரை ஒன்று முனிவர்கள் நீராடும் குளத்துக்கு வருகிறது. அவர்கள் சடையின் மேல் மீன்கள் புரளுவதைப் பார்த்ததும் அதற்குக் கொத்த மனசு வரவில்லை. மதுரையின் பெருமையைக் கேள்விப்பட்டுப் பொற்றாமரைக் குளத்துக்கு வந்து தவம் இருக்கிறது. இறைவன் வரம் கேட்கச் சொன்னபோது, இனி வரும் நாரைகள் மீனைத் தின்று பாவம் சேர்க்காதபடி இந்தக் குளத்தில் மீனே இல்லாமல் இருக்கட்டும் என்று கேட்கிறது. கொக்கு வராமல் இருக்க வலை கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், மீனைக் காப்பாற்ற இதைவிடக் கடுமையான வழி கிடையாது.

வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு மீனை ஊர் மாற்றி விடுவது ஒரு மோகம் ஆயிற்று. 1861 முதல் 1866 வரை மதராஸ் கவர்னராக இருந்த வில்லியம் டெனிசன் இதில் ஆர்வம் காட்டியவர். 1865-ல் ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே, மேற்குத் தொடர்ச்சி மலை ஓடை ஒன்றின் மீனை விவரித்தபோது அவர் பெயரையே வைத்தார். உடம்பில் கறுப்புக் கோடும் அதற்கு மேல் சிவப்புக் கோடும் போட்ட மீன். இன்றைக்கு உலகம் முழுக்கக் கடைகளில் 'மிஸ் கேரளா' என்று விற்பது அதுதான். இப்போது அழியும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. டே எழுதிய இந்திய மீன்கள் பற்றிய பெரிய நூல் 1875-க்கும் 1878-க்கும் இடையில் பகுதி பகுதியாக வந்தது. மதராஸ் கடற்கரையில் 1909-ல் ஒரு மீன் காட்சியகமும் திறந்தார்கள். ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் 1942-ல் மூடினார்கள்.

நம் விஷயத்துக்கு முக்கியமான வருஷம் 1939. இலங்கையிலிருந்து கெண்டை ஒன்றை நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். 1957-ல் பாங்காக்கிலிருந்து அதே கெண்டையின் இன்னொரு வகை கட்டாக் வந்தது. பண்ணைக்காரர்கள் 'சாதாக் கெண்டை' என்று சொல்வது இதைத்தான். கோய் இதற்குப் பங்காளி. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சந்தையில கிலோக் கணக்குல விக்கிறதுக்குச் சாயம் பூசி வச்சிருக்கே" என்றார். விஞ்ஞானப்படி அதில் பெரிய தப்பில்லை.

வீட்டில் மீன் வைப்பதும் புதுசில்லை. கிணற்றில் நாலு கெண்டைக் குஞ்சு விட்டு வைப்பது பழைய வழக்கம், கொசுப்புழுவைத் தின்னும் என்று. 1928-ல் இத்தாலியிலிருந்து கம்பூசியா மீன் இந்தியாவுக்கு வந்தது மலேரியா ஒழிப்புக்காகத்தான். பிறகு சுகாதாரத் துறை அதைக் கிணறு கிணறாக விட்டது. கிணற்று மீன் வீட்டுக்காரரைப் பார்த்து மேலே வரும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோய் வளர்த்த பிறகுதான் அது கதை இல்லை என்று தெரிந்தது.

என் குளம் பத்தடி நீளம், ஆறடி அகலம், நாலடி ஆழம். ஏழாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. புது சிமென்ட் தொட்டியில் நேராக மீன் விட்டால் சுண்ணாம்புக் காரத்தில் செத்துப்போகும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி இறைத்துப் பதப்படுத்தச் சொல்வார்கள். அப்படித்தான் செய்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையான காத்திருப்பு. மீன் கழிவிலிருந்து அம்மோனியா, அதை நைட்ரைட் ஆக்குகிற பாக்டீரியா ஒன்று, அதை நைட்ரேட் ஆக்குகிற பாக்டீரியா இன்னொன்று. இந்தக் குடித்தனம் வடிகட்டியில் நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். எங்கள் போர் தண்ணீர் உப்பும் காரமும் கலந்தது. தண்ணீரில் காரம் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். பணம் கொடுத்து இந்த ஆறு வாரத்தை ஒரு வாரமாகச் சுருக்க முடியாது. என் தொழிலில் எல்லா வேலைக்கும் கூட நாலு ஆளைப் போட்டு முடிக்கலாம் என்று நினைக்கிறவர்களோடு பேசிப் பேசிச் சலித்தவனுக்கு, இந்த ஆறு வாரம் பெரிய ஆறுதலாக இருந்தது.

அம்மா கேட்டதற்குக் கணக்கில்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மே மாசம் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு நாளைக்கு ஏழு மில்லிமீட்டர் இறங்குகிறது. அறுபது சதுர அடிக்கு அது கிட்டத்தட்ட மூன்று குடம். வருஷம் முழுக்க நோட்டில் எழுதிக் கூட்டினால் பத்தாயிரம் லிட்டர் ஆவியாகிறது. வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும், அது ஐம்பது குடம். ஆனால் அது வீணாகப் போவதில்லை. முருங்கைக்கும் வாழைக்கும் நேராகப் போகிறது, உரத்தோடு. இன்னொரு பக்கம், ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 800 மில்லிமீட்டர் மழை விழுந்தால் கணக்குப்படி 74,000 லிட்டர். 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று எல்லார் வீட்டிலும் குழாய் வைத்தோம். அதன் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று நான் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது குளம் கட்டிய பிறகுதான். எங்கள் ஊர் கடைவீதிக்கு நடுவே உள்ள தெப்பக்குளத்தில் எத்தனை படி தெரிகிறது என்று எண்ணிக்கொண்டே போகிற பழக்கமும் அப்போது வந்ததுதான். பழைய ஆட்கள் எல்லாரும் அந்தப் படியைப் பார்த்துத்தான் வருஷத்தைக் கணித்தார்கள்.

பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருக்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்கு இதில் குரு. வீட்டு வாசலில் கிணற்று உறைகளை வரிசையாக வைத்து, கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் பாக்கெட்டில் வரும் குஞ்சுகளை வளர்க்கிறார். சென்னை கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர் போன இடம். ஏன் அண்ணாச்சி இந்த மீன் பைத்தியம் என்று ஒருநாள் கேட்டேன். "பகல் பூரா, தட்டிராத, உரசிராத, இழுக்காத, மெதுவா வையின்னு கத்துற வேலை தம்பி. இங்க வந்தா அதுக பாட்டுக்கு முட்டி மோதித் திங்குது. ஒண்ணும் ஆகல பாருங்க" என்றார்.

கெண்டை இனத்துக்குக் காது நன்றாகக் கேட்கும். காற்றுப்பையில் விழும் அதிர்வைச் சின்னச் சின்ன எலும்புகள் உள்காதுக்குக் கடத்துகின்றன. தீபாவளி வாரத்தில் என் மீன்கள் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், இரையைக் குறைத்துவிடுவேன். மற்ற நாட்களில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் இந்தப் பக்கத்தில் யாரும் தீபாவளியை நினைக்க மாட்டோம். எந்த ஊர்ப் பக்கம் என்று போன் பறக்கும். அப்படி ஒரு மதியம், எனக்குச் சத்தமே கேட்காதபோது குளத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே இறங்கியதைப் பார்த்தேன். அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தார். ஏதோ கல்குவாரி வெடி என்றார். அந்த மூன்று ரிங் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும்.

போன கார்த்திகையில் மழை விழுந்த மறுநாள் விடியலில் கோய் முட்டை போட்டது. தென்னை நாரில் மணி மணியாக ஒட்டியிருந்தது. பெற்றதுகளே பாதியைத் தின்றுவிடும் என்பதால் நாரை எடுத்து ஒரு உறையில் போட்டேன். பொரித்ததில் பெரும்பகுதி வெறும் சாம்பல் நிறம், பழைய யமகோஷிக் கெண்டை மாதிரி. தெப்பக்குளத்தில் விட்டுவிடலாமே, புண்ணியம் என்று நாலு பேர் சொன்னார்கள். விடக்கூடாது. இந்த இனம் சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், நம்மூர்க் கெண்டையின் இடத்தைப் பிடிக்கும். தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கிய 'டேங்க் கிளீனர்' மீனை இப்படித்தான் யாரோ பாவம் பார்த்து விட்டார்கள். இன்றைக்கு வலையைக் கிழித்துக்கொண்டு தமிழ்நாட்டு ஏரிகளில் திரிகிறது. குஞ்சுகளில் பதினெட்டு அண்ணாச்சியின் உறைக்குப் போயின. ஆறு என்னிடம் இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் முதுகில் சிவப்பு லேசாக எடுக்கிறது. முருங்கைக்குத் தண்ணீர் மாற்றுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அதைத்தான் முதலில் தேடுகிறார்.