மாதிரிக் கையெழுத்து முதல் ஓடிபி வரை: லினக்ஸில் வங்கிக் கதவு திறந்த கதை

விருதுநகர் வத்தல் வியாபாரிக்கும் சிவகாசி தீப்பெட்டி ஆபீஸ்காரருக்கும் (ஆலையைத்தான் எங்க ஊர்ல 'ஆபீஸ்'னு சொல்றது) வங்கிப் பூட்டு ஒண்ணுதான் இருந்தது: மாதிரிக் கையெழுத்து. கணக்குத் தொடங்கும்போது அட்டையில் போட்ட கையெழுத்தையும் காசோலையில் இருப்பதையும் பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க. 1921ல் தூத்துக்குடியில் தொடங்கின நாடார் வங்கி, 1962ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கின்னு பெயர் மாறினப்பவும் பூட்டு மாறலை.

இணையத்தில் அந்த அட்டையின் இடத்தில் எதை வைப்பது? 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தெளிவா ஒரு பதில் சொன்னது: பொதுச்சாவி, தனிச்சாவி என்று இரட்டைச் சாவி கொண்ட டிஜிட்டல் கையொப்பம். சட்டம் அங்கீகரித்தது அதை மட்டும்தான். 2001 ஜூனில் ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்கு வழிகாட்டுதல் கொடுத்தபோது, வேறு முறையில் ஆளை உறுதி செய்தால் அதுல சட்டரீதியான ஆபத்து இருக்குன்னு எழுதியே வைத்தது. நம்ம வங்கிகள் அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு, சாதாரண வாடிக்கையாளருக்குப் பாஸ்வேர்டைக் கொடுத்தன.

சோம்பேறித்தனம்னு தோணலாம். ஆனா லினக்ஸ்காரர்களைப் பொறுத்தவரை அதுதான் அதிர்ஷ்டம். தென்கொரியாவைப் பாருங்க. அமெரிக்கா அன்று வலுவான குறியாக்கத்தை ஏற்றுமதி செய்ய விடலை. அதனால கொரியர்கள் 'சீட்' என்று சொந்தமா ஒரு முறையை உருவாக்கினாங்க. 1999ல் மின்கையொப்பச் சட்டமும் வந்தது. பிரவுசருக்குள் அதை ஓட்ட மைக்ரோசாப்டின் ஆக்டிவ்எக்ஸ் தேவைப்பட்டது. விளைவு, வங்கிக்குள்ள போக விண்டோஸும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் கட்டாயம் மாதிரி ஆயிருச்சு. அந்தச் சான்றிதழுக்கு இருந்த சட்டத் தனிச்சலுகை முடிவுக்கு வந்தது 2020 டிசம்பரில்தான்.

இங்கே 2009 ஆகஸ்டில் இணையக் கார்டு பரிவர்த்தனைக்கு இரண்டாவது உறுதிப்பாட்டை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. குறுஞ்செய்தி ஓடிபி பரவிச்சு. நீங்க எந்த இயங்குதளத்தில் உட்கார்ந்திருக்கீங்கன்னு ஓடிபி கேட்காது! 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதில் ஃபயர்பாக்ஸைத் திறந்தாலே போதும்.

கதவு இடித்தது வேறு இடத்தில். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. தனிநபர் நிறுவனம் ஓடிபியிலேயே கணக்கு தாக்கல் செய்யலாம்; கம்பெனிச் சட்டத்தில் பதிவானவருக்கு யூஎஸ்பி டோக்கன் கட்டாயம். சிவகாசியில் அச்சுத்தொழில் நடத்தும் உறவினருக்காக அதை உபுண்டுவில் ஓட்டிப் பார்த்தேன். டோக்கனோடு பேச பிசிஎஸ்சிடி என்ற சேவை ஓடணும். பிறகு டோக்கன் தயாரிப்பாளரின் '.so' கோப்பையோ, ஓபன்எஸ்சி தருவதையோ ஃபயர்பாக்ஸின் 'பாதுகாப்புச் சாதனங்கள்' பகுதியில் ஏற்றணும். பின் எண்ணைக் கேட்டுச்சுன்னா பாதிக் கிணறு தாண்டியாச்சு. மீதிப் பாதிதான் பாடு: பழைய தளங்கள் கையொப்பமிட ஜாவா ஆப்லெட்டை நம்பியிருந்தன. 2017 மார்ச்சில் வந்த ஃபயர்பாக்ஸ் 52 அந்த ஆதரவை நீக்கிவிட்டது. குரோம் 2015லேயே நீக்கியாச்சு. அதனால கணினியிலேயே தனியா ஒரு கையொப்ப நிரலை நிறுவ வேண்டியதாச்சு.

டோக்கனின் பெருமையே தனிச்சாவி சிப்பை விட்டு வெளியே வராது என்பதுதான். ஆனா அந்த டோக்கன் பல இடங்களில் முதலாளி கையில் இருக்காது. ஆடிட்டர் மேசை இழுப்பறையில், பின் எண் எழுதின துண்டுச்சீட்டோடு கிடக்கும். அந்தக் காலத்துல வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கணக்குப்பிள்ளையிடம் கொடுக்க இதே மனுஷர் சம்மதிச்சிருப்பாரா? ஓடிபி பலவீனமான பூட்டுதான், போலி சிம் எடுத்துப் பணம் திருடுறாங்க. ஆனாலும் போன் அவர் சட்டைப்பையில இருக்கு.

2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புது விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைன்னு அறிவிப்பு. இரண்டு காரணிகள் கட்டாயம், ஆனா குறுஞ்செய்தியோடு நிற்க வேண்டியதில்லை. வங்கிகள் பாஸ்கீ பக்கம் போனால் லினக்ஸ் பிரவுசரில் அது வேலை செய்யும். சொந்த மொபைல் செயலியை மட்டும் நம்பினால், கணினியில் லினக்ஸ் வச்சிருப்பவரும் ஆண்ட்ராய்டையோ ஐபோனையோ கையில் வச்சுக்கிட்டுத்தான் உள்ளே போகணும்.