பழைய காரில் பயன்படாத ஏசி பாகங்களைக் கழற்றுதல்

பழைய காரில் வேலை செய்யாமல் கிடக்கும் குளிர்சாதனப் பாகங்களை, வண்டிக்கும் வெளிக்காற்றுக்கும் கேடு வராமல் பிரித்தெடுக்கும் வேலை இது. பட்டறையில் "ஏசியக் கழட்டிடலாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஆனால் கேஸை வாங்குவது, பெல்ட்டைச் சீர்செய்வது, பாகங்களை இறக்குவது, துளைகளை அடைப்பது என வேலை நான்கு கட்டமாக நடக்க வேண்டும். முதல் கட்டத்தைத் தவறவிட்டால் பின்னால் திருத்த வழியே கிடையாது.

செட்டிநாட்டுச் சூழல்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்துப் பெரிய வீடுகள் வெயிலை அறிந்து கட்டப்பட்டவை. கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நடு முற்றம், ஆத்தங்குடித் தளம் என்று வீட்டுக்குள் சூடு இறங்காமலிருக்க எல்லா ஏற்பாடும் உண்டு. வாசலில் நிற்கும் காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் தொடக்கத்தில் ஏசி இல்லாமலே வந்த வண்டிகள். பலர் பின்னாளில் வெளியே கொடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் கூலிங் பெட்டியைத் தொங்கவிட்டு ஏசி பொருத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் இங்கே நிறைய. வண்டியும் மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும். ஏசி கெட்டுப்போக இதுவே போதும். கம்ப்ரசர் தண்டைச் சுற்றியுள்ள சீல், உள்ளே ஓடும் எண்ணெயால்தான் நனைந்திருக்கிறது. ஓட்டம் நின்றால் சீல் காய்ந்து சுருங்கும், கேஸ் மெல்லக் கசியும். கண்டன்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே செம்மண் புழுதி அடைத்துக்கொள்ளும்.

ஏன் கழற்றுகிறார்கள்?

மைலேஜ் கூடும் என்ற எண்ணம்தான் பலருக்கு முதல் காரணம். அதில் உண்மை கொஞ்சம்தான். ஏசியை அணைத்ததும் காந்தக் கிளட்ச் விடுபட்டு, கம்ப்ரசரின் புல்லி மட்டும் வெறுமனே சுற்றும். இழுவை மிகக் குறைவு. பாகங்கள் அனைத்தையும் இறக்கினாலும் குறையும் எடை சுமார் 20 கிலோ.

வலுவான காரணங்கள் வேறு. புல்லியின் பேரிங் ஜாம் ஆனால் பெல்ட் அறுந்துபோகும். அதே பெல்ட் வாட்டர் பம்பையும் ஓட்டுகிற வண்டியில், அடுத்த சில நிமிடத்தில் இன்ஜின் கொதித்துவிடும். அடைபட்ட கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் திரைபோல நின்று காற்றை மறிக்கிறது. கத்திரி வெயிலில் வண்டி சூடேறுவதாக வரும் புகார்களில் இதையும் பார்க்க வேண்டும்.

பெல்ட்டைக் கழற்றும் வழக்கம் கார் ஏசி அளவுக்கே பழையது. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939 நவம்பரில் சிகாகோ கண்காட்சியில் ஏசி பொருத்திய காரை அறிமுகப்படுத்தியது. அதில் கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாமென்றால் இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டை எடுக்க வேண்டியிருந்தது.

முதல் கட்டம்: கேஸ்

பழைய வண்டியில் இருப்பது ஆர்-12 கேஸா, ஆர்-134ஏ கேஸா என்பதை முதலில் அறிய வேண்டும். ஆர்-12 வண்டியின் கேஸ் ஏற்றும் வாய் மரையோடு இருக்கும். ஆர்-134ஏ வாயில் மரைக்குப் பதில் அழுத்தி மாட்டும் அமைப்பு இருக்கும். மாற்றி ஏற்றிய வண்டிகளும் உண்டு என்பதால் பானெட்டுக்குள் ஒட்டிய சீட்டையும் படிப்பது நல்லது.

ஆர்-12 ஓசோன் படலத்தை அரிப்பது. அது சேர்ந்த குளோரோபுளோரோகார்பன்கள் இந்தக் கேட்டைச் செய்யக்கூடும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். 1987-இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது; 1992-இல் இந்தியா அதில் இணைந்தது. மூச்சுக்கருவி மருந்துகளுக்கான தேவை தவிர, 2008 ஆகஸ்டோடு இங்கே குளோரோபுளோரோகார்பன்களின் உற்பத்தி நின்றது. புவியைச் சூடாக்குவதில் ஆர்-12 கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு வலியது. ஒரு காரில் இருக்கும் 700 கிராமைக் காற்றில் விட்டால், அது 7 டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை என்றாலும், அதே அளவு கேஸ் கிட்டத்தட்ட ஒரு டன்னுக்கு ஈடாகும். இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்கும், அதே உடன்படிக்கையின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது.

எனவே குழாயை லூஸ் செய்து "புஸ்" என்று விடுவது செய்யவே கூடாத வேலை. கேஸை உறிஞ்சி உருளையில் அடைக்கும் ரெக்கவரி மெஷின் உள்ள ஏசி பட்டறைக்கு வண்டியை, ஒரு நட்டைக்கூடத் தொடாமல், கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் அப்படி இல்லையென்றால் மதுரையோ திருச்சியோ போகலாம். இரண்டும் காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்.

இதில் உயிர்ப்பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. 35 டிகிரி வெயிலில், நிற்கும் வண்டியிலேயே ஆர்-134ஏ குழாய்க்குள் சுமார் 115 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருக்கும், கார் டயரில் இருப்பதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவம் விரலில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆர்-12 இருக்கும் குழாயருகே கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டினால் பாஸ்ஜீன் முதலான நச்சு வாயுக்கள் உண்டாகும்.

இரண்டாம் கட்டம்: பெல்ட்

பேட்டரி வயரைக் கழற்றிய பிறகே மற்ற வேலை. கம்ப்ரசருக்குத் தனி பெல்ட் இருந்தால் அதை எடுத்துவிட்டால் போதும். வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் ஒரே பெல்ட் சுற்றினால், ஏசி இல்லாத மாடலுக்குரிய நீளத்தில் வேறு பெல்ட் போட வேண்டும். இல்லையேல் கம்ப்ரசர் இருந்த இடத்தில் சுழல்புல்லி ஒன்றைப் பொருத்த வேண்டும்.

மூன்றாம் கட்டம்: பாகங்கள்

கம்ப்ரசரின் உடல் அலுமினியம், அதைப் பிடித்திருப்பது இரும்பு போல்ட்டு. இரண்டு உலோகங்கள் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு நடந்து, வெள்ளைப் பொடி பூத்து, போல்ட்டு இறுகிவிடும். உலோக அரிப்பைப் பல்லாண்டாக ஆராய்ந்துவரும் நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது: 1953-இல் திறக்கப்பட்ட, ஊரார் 'சிக்ரி' என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். இறுகிய போல்ட்டை ஸ்பேனரால் ஒரேயடியாக முறுக்கினால் தலை முறியும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டால் பெரும்பாலும் மறுநாள் இளகிவிடும்.

கண்டன்சரை இறக்கும்போது ரேடியேட்டர் தகடுகள் நசுங்காமலிருக்க நடுவே அட்டை செருகுவது வழக்கம். கண்டன்சர் ஃபேனைச் சட்டென்று எடுத்துவிடக் கூடாது; சில வண்டிகளில் ரேடியேட்டரும் அதை நம்பியிருக்கும். கூலிங் காயில் டேஷ்போர்டின் காற்றுப்பாதைக்குள்ளேயே இருந்தால், எடுத்த இடத்தில் வெறும் குழாய் பொருத்த வேண்டும். அது கிடைக்காவிட்டால் காயிலை அங்கேயே விட்டுவிடுவதே மேல்.

நான்காம் கட்டம்: மூடுதல்

இன்ஜின் அறைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகட்டில் குழாய் போன துளைகளை ரப்பரால் அடைக்க வேண்டும். விட்டால் மழைத்தண்ணீரும் இன்ஜின் சூடும் உள்ளே வரும். ஏசி வயர்களை வெட்டாமல், முனையைச் சுற்றிக் கட்டி, ஃபியூஸை எடுத்துவிட வேண்டும்.

கழற்றியதைக் காயலான் கடைக்குப் போடுவதா, வைத்திருப்பதா என்பது வண்டியைப் பொறுத்தது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாமலிருக்கும் கார் விண்டேஜ் பதிவு பெறலாம். ஏசி இல்லாமல் வந்த அம்பாசடரில் அதைக் கழற்றுவது அந்த அசலை நோக்கிப் போவது. கம்பெனியே ஏசி வைத்து அனுப்பிய வண்டியில் பாகங்களைப் பெயரெழுதிப் பத்திரப்படுத்துவது முறை. குழாய் வாய்களை உடனே மூட வேண்டும். ஆர்-134ஏ கம்ப்ரசர்களில் ஊற்றும் எண்ணெய் காற்றின் ஈரத்தை வேகமாக இழுக்கும். பிற்காலத்தில் திரும்ப மாட்டும்போது டிரையர் பாட்டிலும் ஓ-ரிங்குகளும் கட்டாயம் புதிதாக வேண்டும்.

கடைசியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் போய்த் திரும்பினால் சுமார் 30 கிலோமீட்டர். வந்ததும் பானெட்டைத் திறந்து, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, வெப்பமானி முள் எங்கே நிற்கிறது, புல்லிப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று பார்த்து, பெல்ட்டை ஒருமுறை இழுத்துக்கட்டினால் வேலை முடிந்தது.