பறவையும் அதன் பதியும்



பெங்களூர் ஆஸ்டின் டவுனிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் வாழும் தமிழன்பர்களுக்கு அவர்தம் சுற்றுப்புறத்தைப் பற்றி நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். அசோக நகரில் இன்று கால்பந்தாட்ட அரங்கம் நிற்குமிடம் முன்னாளில் சூளை ஏரி. ஹாக்கி அரங்கம் இருக்குமிடம் அக்கித்திம்மனஹள்ளி ஏரி. 1997-ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்கென எழுந்த குடியிருப்போ கோரமங்கல ஏரியின் படுகையில் அமைந்தது. மூன்று ஏரிகளும் விளையாட்டுக்கே இரையாயின என்பது விந்தையானதொரு பொருத்தம்! ஏரி போன கதையைப் பலரும் சொல்வர். அதனை நம்பி வாழ்ந்த நீர்ப்பறவைகள் என்னவாயின என்று கேட்பவர் சிலரே. இது விலங்கியலாருக்குரிய கேள்வியா, பூகோள ஆசிரியருக்குரிய கேள்வியா? இருவருக்கும் உரியது என்று தம் வாழ்நாள் உழைப்பால் காட்டிய ஓர் அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

அவர் பெயர் ஜாரெட் டைமண்ட். 1937-இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். 1961-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் பறவையன்று, பித்தப்பை! லாஸ் ஏஞ்செல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் 1966 முதல் உடலியங்கியல் கற்பித்த அவர், பிற்காலத்தில் அதே பல்கலைக் கழகத்தில் பூகோளப் பேராசிரியரானார். இவ்விரு துறைகளுக்கும் இடையே பாலமாக அமைந்தவை பறவைகளே.

1964-இல் அவர் முதன்முறையாக நியூகினித் தீவுக்குச் சென்றார். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, வானளாவிய மலைகளும் அடர்ந்த காடுகளும் கொண்ட பெருந்தீவு அது. எர்ன்ஸ்ட் மாயர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1928-இலேயே அங்குச் சென்று ஆராய்ந்திருந்தார். தாம் 137 இனங்களாகப் பிரித்தறிந்த பறவைகளுக்கு அம்மலைவாழ் மக்கள் 136 தனிப் பெயர்கள் வைத்திருந்ததைக் கண்டு அவர் வியந்தார். நமக்கு இதில் பெருவியப்பு இராது. மடையான், கூழைக்கடா, மீன்கொத்தி என்று தோற்றத்தையும் தொழிலையும் கொண்டு பெயரிட்ட நாட்டுப்புறத்தார் நம்மிடையேயும் உண்டல்லவா? மாயரின் ஆசிரியர் பெர்லினைச் சேர்ந்த ஸ்ட்ரெஸ்மன். நம் நாட்டு ஸலீம் அலியும் 1929-இல் சென்று பயின்றது அவரிடமே. மாயரும் டைமண்டும் பின்னர் சேர்ந்து எழுதிய நூல், நியூகினிக்குக் கிழக்கேயுள்ள தீவுகளின் பறவைகளைப் பற்றியது, 2001-இல் வெளிவந்தது.

டைமண்டின் ஆராய்ச்சிப் போக்கை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். பொன்னிற நெற்றியுடைய ஒரு பறவையினம், இறகு வணிகர் கொணர்ந்த தோல்களைக் கொண்டு 1895-இல் பெயரிடப் பெற்றது. ஆனால் அது வாழும் இடம் எது என்பதை அறிந்தார் எவருமிலர். தேடிச் சென்றோர் பலர், வெறுங்கையுடன் திரும்பினர். 1979-இல் டைமண்ட் ஃபோஜா மலைக்காட்டில் அதனைக் கண்டார். ஆண் பறவை குச்சிகளை நட்டுக் கொடிக்கம்பம் போன்ற ஒரு மேடை எழுப்பி, நிறவாரியாகப் பழங்களைக் குவித்துப் பெண்ணை வரவேற்கும். எண்பதாண்டுகளுக்கு மேலாக அப்பறவைக்குப் பெயர் இருந்தது, முகவரி இல்லை! முகவரியைத் தேடுவதுதான் பூகோளம்.

இதனினும் முக்கியமானது கலிபோர்னியாக் கடற்கரைக்கு அப்பாலுள்ள ஒன்பது தீவுகளில் அவர் செய்த வேலை. அங்குக் கூடுகட்டும் பறவைகளின் பட்டியல் ஒன்று 1917-இல் வெளியாகியிருந்தது. 1968-இல் டைமண்ட் அதனுடன் நிலைமையை ஒப்பிட்டார். இனங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மாறவில்லை. ஆனால் தீவுக்குத் தீவு, பழைய இனங்களில் நூற்றுக்கு 17 முதல் 62 வரை மறைந்து, புதியன அவ்விடத்தைப் பிடித்திருந்தன. பழைய பட்டியல் அவ்வளவு நம்பத்தக்கதா என்று ஐயுற்றோர் உண்டு; அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் தலை எண்ணிப் பார்ப்பதாலேயே நலம் அறிய இயலாது என்பது அதனால் விளங்கிற்று.

1975-இல் அவர் ஒரு படி மேலே சென்றார். வயலும் வீடும் சூழ்ந்த காடும் ஒரு தீவே. ஆதலின் சரணாலயங்கள் பெரியனவாகவும் ஒன்றுக்கொன்று அண்மையிலும் இருத்தல் வேண்டும் என்றார். மறு ஆண்டே சிம்பர்லாஃப், ஏபல் என்னும் இருவர் மறுத்தனர். பல சிறு காப்பிடங்களே கூடுதலான இனங்களைக் காக்கவும் கூடும் என்பது அவர்தம் வாதம். அவ்வழக்குப் பல்லாண்டு நடந்தது.

நம் நாட்டுச் சான்று என்ன சொல்கிறது? வேடந்தாங்கல் சின்னஞ்சிறு ஏரி. 1798-இலேயே செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அதற்குப் பாதுகாப்பு அளித்தார் என்பர். எச்சம் கலந்த நீர் நெல்லுக்கு உரமாவதை உணர்ந்த ஊரார் தாமே காவல் புரிந்தனர். ஸலீம் அலியின் தூண்டுதலால் 1940-இல் மைசூர் அரசு காத்த ரங்கனதிட்டும் காவிரியின் சில திட்டுகளே. அப்படியானால் சிறியதே போதும் என்று கொள்ளலாமா? என் கருத்து வேறு. வேடந்தாங்கலில் கூடு உண்டு. குஞ்சுக்கு வேண்டும் மீனோ, சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலுமிருந்து வருகிறது. அவை வற்றினால் கடப்ப மரம் மட்டும் நின்று என்ன பயன்? அண்மை வேண்டும் என்று டைமண்ட் கூறிய பகுதியே நமக்கு உயிரானது.

பெங்களூரின் ஏரிகள் சங்கிலிபோல் அமைந்தவை. மேலேரி நிரம்பினால் நீர் கீழேரிக்குச் செல்லும். ஆஸ்டின் டவுனைச் சுற்றி அச்சங்கிலியின் கண்ணிகள் சில அறுந்தன. அல்சூர் ஏரி எஞ்சியது. பள்ளத்திலுள்ள பெல்லந்தூர் ஏரி, கழிவுநீர் பெருகி 2015-லும் 2017-லும் தீப்பற்றியே எரிந்தது.

ஸலீம் அலி 1939-40-இல் மைசூர் இராச்சியமெங்கும் சுற்றித் தொகுத்த பறவைப் பட்டியல், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் 1942 முதல் வெளியாயிற்று. 1987 முதல் நம் நாட்டு ஏரிகளில் சனவரி மாதந்தோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடந்து வருகிறது. ஆர்வமுடைய எவரும் அதிற் பங்குகொள்ளலாம். அல்சூர்க் கரையில் நின்று மடையானையும் முக்குளிப்பானையும் இனம் வாரியாகக் குறித்துவைக்க ஒரு தொலைநோக்கியும் ஒரு குறிப்பேடும் போதும்.