ஃபைலோடு மலையேறியவர்கள்

போன மே மாதம் அம்மாவை ஊட்டிக்குக் கூட்டிப் போனேன். மூன்று நாள். ஏரிக்கரையில் அவர் தனியாக உட்கார்ந்திருக்க, நான் லாட்ஜ் அறையில் லேப்டாப்போடு. ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்காவிடம், "அவனுக்கு அங்கயும் ஆபீஸ்தான், பாவம்" என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த 'பாவம்'தான் குத்தியது.

இது செல்போன் கொண்டுவந்த வியாதி என்றுதான் நினைத்திருந்தேன். ஊட்டியின் கதையைப் படித்தபிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

தோதவர்களும் கோத்தர்களும் படகர்களும் காலங்காலமாக வாழ்ந்த மலை அது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் அங்கே ஏறினார். பிறகு கல் பங்களா கட்டினார், ஏரி அமைத்தார். சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் தாங்காத வெள்ளைக்காரர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வரத் தொடங்கினார்கள்.

ஆனால் ஆபீஸ் அவர்களை விடவில்லை. 1834இல் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் உடல்நலத்துக்காக ஊட்டியில் தங்கியிருந்தார். கப்பலில் வந்து சென்னையில் இறங்கிய மெக்காலேயை அங்கேயே வரச் சொன்னார். மெக்காலே பல்லக்கில் போய்ச் சேர்ந்தார். ஓய்வெடுக்கப் போன இடத்திலேயே ஆட்சி வேலை நடந்தது. அந்தப் பல்லக்கைத் தோளில் சுமந்தவர்களுக்கு ஏது ஓய்வு?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதுவே வழக்கமாகிவிட்டது. கோடை வந்தால் சென்னை மாகாண அரசாங்கமே குமாஸ்தா, பியூன், ஃபைல் கட்டு சகிதம் மலையேறிவிடும். 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் ரயில் வந்தபிறகு அது இன்னும் சுலபமானது. ஓய்வுக்கான ஊர் தலைநகராகிவிட்டது.

இதில் சங்கடமான பக்கம் ஒன்று உண்டு. ஊட்டியின் ஆளுநர் மாளிகை எழும்பியது 1875 முதல் 1880 வரை கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகன் காலத்தில். 1876-78 தாது வருஷப் பஞ்சமும் அவர் காலம்தான். நம்ம பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியதும் அப்போதுதான். கீழே லட்சக்கணக்கில் சாவு, மேலே மாளிகை. ஆள்பவர்கள் மலையேறுவதைச் சென்னையில் பலர் கண்டித்ததில் நியாயம் இருந்தது. அவர்கள் வேலையை முழுசாக இறக்கி வைக்கவும் இல்லை, வேலை கேட்ட இடத்தில் நிற்கவும் இல்லை.

அவர்கள் கையில் ஒரு மாகாணமே இருந்தது. என் கையில் என்ன இருந்தது? அந்த மூன்று நாளில் நான் அனுப்பிய மெயில்களைத் திரும்பப் பார்த்தேன். திங்கட்கிழமை வரை காத்திருக்க முடியாதது ஒன்றுகூட இல்லை.

டிசம்பரில் குன்னூர் போகிறோம். லேப்டாப் வீட்டிலேயே இருக்கும் என்றேன். "ஆபீஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாடா?" என்றார் அம்மா.

"நான் என்ன கவர்னராம்மா?"